ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்வது: ஆங்கில ஆசிரியையிடம் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், "ஹீ இஸ் ஸ்ட்ராங் தேன் மீ" என்று சொன்னால் ஆபீஸில் திருத்துகிறார்கள். அர்த்தம் புரிகிறதே, எங்கே தப்பு?

பதில்: "என்னைவிட பலசாலி" என்று சொல்லும்போது ஒப்பிடும் வேலை முழுவதையும் "விட" பார்த்துக்கொள்கிறது, "பலசாலி" மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் "தேன்" போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெயரடையும் மாறியாக வேண்டும்: "ஹீ இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மீ". எழுதி முடித்ததும் "தேன்" வரும் இடத்தைத் தேடி, அதற்கு முன்னால் ஈ-ஆர் விகுதியோ "மோர்", "லெஸ்" என்பதோ இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டர், வர்ஸ் போன்ற தனி வடிவங்களும் சரி.

உச்சரிப்பையும் கவனியுங்கள். "ஸ்ட்ராங்" என்பதன் கடைசியில் "ங்" ஒலி மட்டும்தான். "ஸ்ட்ராங்கர்" என்னும்போது "தங்கம்" என்பதில் வருவதுபோல அழுத்தமான "ங்க" வரும். லாங்கர், யங்கர் இரண்டும் அப்படியே. ஆனால் பாடகரைக் குறிக்கும் "சிங்கர்" என்பதில் அந்த "க" ஒலி கிடையாது. நாம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: எதற்கு ஈ-ஆர், எதற்கு "மோர்"? மனப்பாடம் பண்ணாமல் வழி உண்டா?

பதில்: சொல்லில் எத்தனை அசை, அதாவது சிலபிள், என்று எண்ணுங்கள். ஓரசை என்றால் பெரும்பாலும் ஈ-ஆர், ஈ-எஸ்-டி: சீப், சீப்பர், சீப்பஸ்ட். மூன்றும் அதற்கு மேலும் என்றால் "மோர்", "மோஸ்ட்". ஈரசைதான் தொல்லை. ஹாப்பி, ஈஸி போல ஒய்யில் முடிந்தால் ஒய்யை ஐயாக்கி ஈ-ஆர். கேர்ஃபுல், மாடர்ன் போன்றவற்றுக்கு "மோர்". க்ளெவர், நேரோ, சிம்பிள், க்வயட் ஆகியவை இரண்டு வழியிலும் வரும். டயர்ட், போர்ட் போல வினையிலிருந்து பிறந்தவற்றுக்கு "மோர் டயர்ட்", "மோர் போர்ட்" என்பதே வழக்கம்.

ஸ்பெல்லிங்கில் தடுக்கும் இடம் ஒன்று. பிக், ஹாட், தின் போன்ற ஓரசைச் சொல்லில் ஒரே ஓர் உயிரெழுத்தும் அதையடுத்து ஒரே ஒரு மெய்யெழுத்தும் இருந்தால், கடைசி எழுத்து இரட்டிக்கும்: பிக்கரில் இரண்டு ஜி. "சீப்" என்பதில் உயிரெழுத்து இரண்டு, "ஃபாஸ்ட்" என்பதில் கடைசி மெய் இரண்டு, அதனால் இரட்டிக்காது. "லோ" டபிள்யூவில் முடிகிறது, அதுவும் இரட்டிக்காது.

கேள்வி: "மோர் பெட்டர்", "வெரி பெட்டர்", எது சரி?

பதில்: இரண்டும் தவறு. "மச் பெட்டர்", "ஃபார் பெட்டர்", கொஞ்சம்தான் என்றால் "எ லிட்டில் பெட்டர்". "பெட்டர்" போன்ற ஒப்பீட்டு வடிவத்தோடு "வெரி" சேராது, மாறாத சொல்லோடு சேரும்: "வெரி குட்".

கேள்வி: மிஸ், பிளஸ் டூ படிக்கிறேன். சூப்பர்லேட்டிவை மற்ற டிகிரிகளுக்கு மாற்றும்போது "அதர்" எங்கே போடுவது என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஒரு மலையை வைத்துப் பார்ப்போம்மா. கேரளத்திலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம். "ஆனைமுடி இஸ் த ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா." கம்பேரட்டிவில்: "ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா." பாசிட்டிவில்: "நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி."

"அதர்" விட்டுப்போனால் தென்னிந்தியச் சிகரங்களில் ஆனைமுடியும் சேர்ந்துவிடும். அது தன்னையே விட உயரம் என்றாகிவிடும். இப்போது இதைப் பார்: "ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு." இங்கே "அதர்" கூடாது, ஏனென்றால் ஆனைமுடி தமிழ்நாட்டில் இல்லை. நம் மாநிலத்தில் உயரமானது தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஒப்பிடும் பொருள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தால் "அதர்" வேண்டும், வெளியே இருந்தால் வேண்டாம்.

"தொட்டபெட்டா இஸ் ஒன் ஆஃப் த ஹையஸ்ட் பீக்ஸ் இன் சவுத் இந்தியா" என்று வந்தால் வழி வேறு. "ஹையர் தேன் மோஸ்ட் அதர் பீக்ஸ்" என்றும், "வெரி ஃப்யூ பீக்ஸ் இன் சவுத் இந்தியா ஆர் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா" என்றும் மாற்று. "ஒன் ஆஃப் த" வந்தால் பெயர்ச்சொல் பன்மை. "பீக்ஸ்" என்பதில் எஸ் விட்டால் மதிப்பெண் போய்விடும். எழுவாய் ஒன்றுதான் என்பதால் வினை "இஸ்".

கேள்வி: அக்கா எனக்கு மூத்தவள். "எல்டர் தேன் மீ"யா, "எல்டர் டு மீ"யா?

பதில்: "ஓல்டர் தேன் மீ." "எல்டர்" பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரட்டும்: "மை எல்டர் சிஸ்டர்". சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவற்றுக்குத்தான் "டு". அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: "த ரென்ட் இன் சென்னை இஸ் ஹையர் தேன் மதுரை" என்று எழுதினேன். மேனேஜர் கோடு போட்டுவிட்டார்.

பதில்: அவர் சொல்வது சரி. "சென்னை வாடகை மதுரையைவிட அதிகம்" என்றால் நமக்குப் புரிந்துவிடும். கவனமாக எழுதும் ஆங்கிலத்தில் வாடகையை ஊரோடு ஒப்பிடக் கூடாது, வாடகையோடுதான் ஒப்பிட வேண்டும்: "ஹையர் தேன் இன் மதுரை". அறிக்கை போன்றவற்றில் "ஹையர் தேன் தட் இன் மதுரை" என்று எழுதலாம்.

கேள்வி: சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் எப்போதும் "த" வேண்டுமா?

பதில்: பெயர்ச்சொல்லோடு வரும்போது பெரும்பாலும் வேண்டும். ஆனால் "மை", "ஹர்", "ராமுஸ்" போன்றவை முன்னால் இருந்தால் வேண்டாம்: "மை பெஸ்ட் ஃப்ரெண்ட்".