முயல் குட்டிக்குத் தண்ணீர் வைக்கலாமா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி முயலைப் பற்றித்தான் இருக்கும். இந்த மாதம் வந்தவற்றில் சில.

சந்தையில் வாங்கிய குட்டி. “தண்ணீர் காட்டாதீர்கள், வயிறு ஊதிச் செத்துவிடும்” என்றார் விற்றவர். மூன்று நாளாகக் கீரை மட்டுமே கொடுக்கிறோம். சரிதானா? (ஆத்தூர் வாசகி)

முதலில் எழுந்து போய்த் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். தமிழ்நாடு முழுக்க இந்தப் பேச்சு உலவுகிறது. சந்தைக்கு வரும் குட்டிகள் பல, தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டவை. வீட்டுக்கு வந்த சில நாள்களில் கழிச்சல் கண்டு இறந்துவிடும். கடைசியாகக் கொடுத்தது தண்ணீர் என்பதால் பழி அதன் மேல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். உண்மையில் முயல் நன்றாகவே குடிக்கும்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை. தண்ணீர் இல்லாவிட்டால் இரையெடுப்பது குறையும், குடலில் இருப்பது இறுகிவிடும். கனமான மண் சட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பல்லால் கவ்விக் கவிழ்த்துவிடும்.

குட்டி உள்ளங்கையில் அடங்குகிறது. இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்லி விற்றார்கள். பசும்பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம், ஆவலாகத் தின்கிறது. (திருச்சி வாசகர்)

குள்ள இனமாக இல்லாவிட்டால், உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகியிருக்காது. நான்கு வாரம் இருந்தாலே அதிகம். ஆறு முதல் எட்டு வாரம் வரையாவது தாயோடு இருக்க வேண்டிய பிள்ளை அது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பாலையும் பிஸ்கட்டையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆவலாகத் தின்பதால் அது ஏற்ற உணவாகிவிடாது. சர்க்கரையும் மாவும் குடலில் புளித்துக் கழிச்சலில் கொண்டு விடும். நல்ல புல், தண்ணீர், விற்றவர் கொடுத்த தீவனமே சிறிதளவு. இரண்டு வாரத்துக்கு வேறெதுவும் வேண்டாம். இந்த வயதில் நீராகக் கழிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேரட் தானே முயலுக்கு உணவு? தினமும் ஒன்று வைக்கிறேன். (மதுரை வாசகி)

அது படக்கதை முயலின் உணவு. கேரட்டில் இனிப்பு அதிகம். வாரத்தில் இரண்டு நாள், விரல் நுனி அளவு துண்டு போதும். முயல் என்பது புல் தின்னும் பிராணி. அதன் வெட்டுப் பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், கடைவாய்ப் பற்களும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். விலை கூடிய வெளிநாட்டு உலர்புல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அருகம்புல்லை அலசி, நிழலில் உலர்த்தி, எப்போதும் எட்டும்படி வையுங்கள். முயல் மசால் என்றே ஒரு பயறுவகைத் தீவனம் நம்மிடம் இருக்கிறது. அதுவும் வேலிமசால் என்ற தீவனச் செடியும் வளரும் குட்டிக்கு நல்லவை, ஆறு மாதத்துக்குப் பிறகு குறைத்துவிடலாம். கொத்தமல்லித் தழையைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் தொடங்கலாம். எந்தக் கீரையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்று நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு வேண்டாம். தோட்டத்தில் அரளி இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தன் புழுக்கையைத் தானே தின்கிறது. அருவருப்பாக இருக்கிறது, எப்படி நிறுத்துவது? (நாகர்கோவில் வாசகர்)

நிறுத்தக் கூடாது. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். உருண்டையாக, உலர்ந்து, உள்ளே நார் தெரிவது கழிவு. மற்றது சிறு திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு பளபளப்பாக இருக்கும். புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்தது. அதைத் தரையில் விழவிடாமல் குனிந்து வாயிலேயே வாங்கிக்கொள்ளும். மாடு அசைபோடுவதை யாரும் அருவருப்பதில்லையே! அந்தக் குலை தின்னப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும்: தீவனம் அதிகம், புல் குறைவு என்று அர்த்தம்.

நான்கு மாதம் சாதுவாக இருந்தது. இப்போது என் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, உறுமுகிறது, கையை விட்டால் கடிக்கிறது. (கோவை வாசகி)

வயதுக்கு வந்துவிட்டது. காலைச் சுற்றுவது காதல். மேசைக் காலில் முகவாயைத் தேய்ப்பது ‘இது என்னுடையது’ என்று முத்திரை குத்துவது. கூண்டுக்குள் நீளும் கையைக் கடிப்பது வீட்டுக்குள் நுழைந்தவரை விரட்டுவது, அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அதுவே வரட்டும் என்று காத்திருங்கள். மேலிருந்து இறங்கும் கை முயலுக்குப் பருந்து மாதிரி. அடிக்காதீர்கள், காதைப் பிடித்தும் தூக்காதீர்கள். முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைத்தால் கருத்தடை அறுவையைப் பற்றிக் கேளுங்கள்.

நேற்று இரவிலிருந்து எதையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறக்கிறது. பிள்ளைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் வீட்டில் இருக்கிறது. (வேலூர் வாசகர்)

சிரப்பைத் தொடாதீர்கள். அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடக்கூடும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாத முயல் அவசர நோயாளி. நறநறப்பது வலியினால். இதைப் படித்து முடிக்கும் முன்பே கிளம்புங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

மாடியில் கூண்டு வைத்திருக்கிறோம். மே மாதம் தாங்குமா? (சென்னை வாசகர்)

தாங்காது. முயலுக்கு வியர்க்காது, காதுகள் வழியாகத்தான் சூட்டை இறக்கும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். கீழ் வீட்டுத் தரைக்குக் கொண்டுவாருங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இரண்டுமே பெண் என்று கொடுத்தார்கள். பெரியது நேற்றிலிருந்து தன் முடியைப் பிடுங்கிக் குவிக்கிறது. சொறியா? (சேலம் வாசகி)

சின்னதன் பாலினத்தை ஒருமுறை சரிபாருங்கள். குட்டியாக இருக்கும்போது கடைக்காரர்களே தவறுவதுண்டு. இரண்டும் பெண்ணேயானால் இது பொய்ச்சினையாக (சினை இல்லாமலே சினை போல நடந்துகொள்வது) இருக்கலாம், தானே அடங்கிவிடும். இல்லையென்றால், அது கூடு கட்டுகிறது. சினைக்காலம் 31 நாள்தான், குட்டிகள் இன்றோ நாளையோ வரலாம். ஒரு மரப்பெட்டியில் உலர்புல்லைப் பரப்பி அந்த முடியையும் அதிலேயே போடுங்கள். ஆணை இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்: ஈன்ற அன்றே மறுபடி சினை பிடித்துவிடும்.