மான் மோதும் பயத்துக்கு இரும்புக் கம்பியா, காப்பீடா?

கேள்வி: ஐயா, எனக்கு வீடு சேலம் கன்னங்குறிச்சியில், வேலை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில். வாரத்தில் ஐந்து நாள் காரில் மலை ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறேன். கார் 1,197 சிசி பெட்ரோல் வண்டி. வாங்கி மூன்று ஆண்டு முடிகிறது. கிட்டத்தட்ட அதே வயதுள்ள சக ஊழியரின் காரில் போன மாதம் குப்பனூர் பாதையில் ஒரு புள்ளிமான் மோதியது. பழுதுபார்த்த பில் 68,000 ரூபாய். முழுக் காப்பீடு இருந்தும் அவருக்குக் கிடைத்தது 46,750 ரூபாய்தான். பட்டறையில் முன்பக்கத்துக்குக் கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி 18,000 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு வந்திருக்கும் புதுப்பிப்பு நோட்டீசில் சொந்தச் சேதப் பிரீமியம் (நம் காருக்கு நேரும் சேதத்துக்கானது) வரி நீங்கலாக 9,000 ரூபாய். அதில், கிளைம் செய்யாத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் 35 சதவீதம் போக 5,850 கட்ட வேண்டும். பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் சேர்க்கை) வேண்டுமென்றால் இன்னும் 2,100. சொந்தச் சேதப் பகுதியை விட்டுவிட்டு, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டு மிச்சத்தில் கம்பிக்கான செலவு கிட்டத்தட்ட ஈடாகிவிடும். இது சரியான கணக்கா?

பதில்: கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, ஆனால் முடிவு தவறானது. கம்பியும் போட வேண்டாம், சொந்தச் சேதக் காப்பீட்டையும் விட வேண்டாம்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். காரின் முன்பக்கத்தில் இப்படித் தனியாகப் பொருத்தும் தடுப்புக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சுட்டிக்காட்டி, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பட்டறையில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அந்தக் கம்பி நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்யாது. உங்கள் காரின் முன்பகுதி, மோதும்போது நசுங்கி, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் முன்னால் விறைப்பான இரும்பை முடுக்கினால், அடி நேராகச் சேசிஸுக்கும், அங்கிருந்து உள்ளே இருப்பவர்களுக்கும் போகும்; ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் பிசகலாம். ஏற்காட்டில் மான் மட்டும் குறுக்கே வருவதில்லை. பெரிய ஆண் காட்டெருமை 800 கிலோவைத் தாண்டும். அதன் முன்னால் பட்டறைக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: நீங்கள் இறங்கும் அதே நேரத்தில்தான் எஸ்டேட் வேலை முடிந்தவர்கள் சாலையோரம் நடந்து வீடு திரும்புகிறார்கள். பிளாஸ்டிக் பம்பர் பட்டால் காலோடு போகக்கூடிய காயம், இரும்புக் கம்பி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். என் வாசகர் ஒருவரின் வண்டியில் அந்தக் கம்பி இருப்பதை நான் விரும்பவில்லை.

இப்போது உங்கள் சக ஊழியருக்கு ஏன் 21,250 ரூபாய் குறைந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்களை இந்த முடிவுக்குத் தள்ளியதே அந்தத் தொகைதான். நீங்கள் இணைத்திருக்கும் அவருடைய பில்லில் பம்பர், கிரில், ஹெட்லைட் ஆகிய பிளாஸ்டிக் பாகங்கள் 24,000, பானெட், ரேடியேட்டர், கண்டென்சர் போன்ற உலோகப் பாகங்கள் 28,000, பெயிண்டிங் 10,000, கூலி 6,000. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு, வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும், பாதித் தொகையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். அதில் 12,000 போயிற்று. மூன்று ஆண்டு கடந்து நான்கு முடியாத வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 25 சதவீதம், அது 7,000. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,250. இவற்றோடு 1,500 சிசி வரையுள்ள காருக்கு, ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 21,250. அவரை யாரும் ஏமாற்றவில்லை. அவர் வாங்கிய பாலிசியில் இருந்தது அவ்வளவுதான். பம்பர் டு பம்பர் எடுத்திருந்தால், கட்டாயக் கழிவும், கூலன்ட், கிளிப், ஏசி கேஸ் போன்ற சில்லறைச் செலவுகளும் மட்டுமே அவர் கையை விட்டுப் போயிருக்கும். மான் மோதலில் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக் முகப்பு என்பதால், உங்களுக்குச் சொல்லியிருக்கும் 2,100 ரூபாய் நியாயமான விலை. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பல நிறுவனங்கள் இதைத் தருவதில்லை. ஆகவே கிடைக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்திருந்தால் 68,000 ரூபாயும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சிறிய சேதத்துக்கெல்லாம் கிளைம் செய்யாதீர்கள். இந்த ஆண்டு கிளைம் இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் போனஸ் 45 சதவீதமாகும், அதன்பின் 50. கிளைம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று மீண்டும் படியேற வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் இழப்பது 45, 30, 25, 15, 5, மொத்தம் ஓராண்டுப் பிரீமியத்தில் 120 சதவீதம். 9,000 ரூபாய் அப்படியே இருப்பதாகக் கொண்டால் 10,800. அதனால் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடியும் பழுதைக் கைக்காசில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் 10,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, இதற்கென்றே விட்டுவைப்பது நல்லது.

அடுத்தது, நானே பட்டு அறிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு மான் என் காரின் முன்னால் பாய்ந்தது. இறங்கிப் பார்த்தேன், கிரில்லில் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது, அடியில் பச்சைத் திரவம் சொட்டுச் சொட்டாகத் தாரில் விழுந்துகொண்டிருந்தது. அடிவாரம் பக்கம்தானே என்று ஓட்டிவிட்டேன். பாதி வழியில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது, என்ஜின் கெட்டது. முன்பக்கச் சேதத்துக்குப் பணம் வந்தது, என்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. விபத்துக்குப் பிறகு பழுதுபார்க்காமல் ஓட்டினால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்பது பாலிசியின் நிபந்தனை. அதை நான் அதுவரை படித்திருக்கவில்லை. திரவம் கசிந்தால் என்ஜினை அணைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சாதாரணப் பாலிசியே காரை அகற்றும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை தரும். மலையிலிருந்து இறக்க அது போதாது என்பதால் சாலையோர உதவிச் சேர்க்கையும் உங்களுக்குத் தேவை.

கம்பிப் பணத்தில் மீதமுள்ள 8,000 ரூபாயை மோதலைத் தவிர்ப்பதற்குச் செலவிடுங்கள். மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்து, ஒளி விழும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிரேக் பேடைப் பாருங்கள். தேய்ந்த டயர் இருந்தால் அதுதான் முதல் செலவு. பம்பரில் ஒட்டும் மான் விசிலுக்குப் பணம் தராதீர்கள். அது பயன் தருவதாக நிரூபணம் இல்லை. காய்ந்த சமதளச் சாலையில், சுதாரிக்க ஒன்றரை வினாடி எடுத்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிற்கச் சுமார் 25 மீட்டர் ஆகும்; 60-இல் சுமார் 45 மீட்டர். இறக்கத்தில் இன்னும் கூடும். மோதும் ஆற்றலும் 60-இல் இரண்டேகால் மடங்கு. ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் போடுங்கள். இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ள சேலம்-ஏற்காடு மலைப்பாதையில் பள்ளத்துப் பக்கம் திருப்புவது மானை இடிப்பதைவிட ஆபத்தானது.

அப்படியும் மோதிவிட்டால், விலங்கைத் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, தவறுதலாக இறந்த மானும் அரசின் சொத்து. டிக்கியில் ஏற்றினால் அந்த விபத்து உங்கள் மீதான வழக்காக மாறும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கைந்து படம் எடுத்து, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்றாதீர்கள்.

பாலிசி முடியும் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். முடிந்து 90 நாள் கடந்தால் உங்கள் 35 சதவீதப் போனஸ் போய்விடும். பணம் கட்டுவதற்கு முன், பம்பர் டு பம்பரில் ஆண்டுக்கு எத்தனை கிளைம் அனுமதி என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.