இருவர் பெயரில் உள்ள வீடு நீதிமன்ற ஏலத்துக்கு வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: சார், விவாகரத்து ஆகிவிட்டது. வீடு இருவர் பெயரிலும் சரிபாதி. முன்னாள் கணவர் விற்கச் சம்மதிக்கவில்லை. ஏலத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும். ஆனால் விவாகரத்துத் தீர்ப்பு மட்டும் போதாது, பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். தம்பதிக்கு இடையிலான சொத்துத் தகராறு என்பதால் குடும்ப நீதிமன்றத்திலேயே போடலாம். வீட்டைப் பிரிக்க வழியில்லை என்றால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 2-இன்படி விற்றுப் பணத்தைப் பங்கிடக் கோரலாம். கோருபவருக்குக் குறைந்தது பாதிப் பங்கு வேண்டும்; 40 சதவீதம் வைத்திருப்பவர் தனியாகக் கோர முடியாது.

மனுப் போடுமுன் ஒன்றை யோசியுங்கள். நீங்கள் விற்பனை கோரினால், பிரிவு 3-இன்படி உங்கள் பங்கை மதிப்பீட்டு விலைக்கே வாங்கிக்கொள்ள அவர் அனுமதி கேட்கலாம். அவர் கேட்டுவிட்ட பிறகு மனம் மாறிப் பின்வாங்க முடியாது. வீடு உங்களுக்கே வேண்டுமென்றால், விற்பனையை முதலில் கோருபவர் நீங்களாக இருக்கக் கூடாது.

கேள்வி: மதிப்பைக் குறைத்துப் போட்டுவிட்டால்?

பதில்: பெரும்பாலும் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் பொறியாளரோடு வந்து பார்த்து அறிக்கை தருவார். பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி வாதாடினால் எடுபடாது. அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களின் சான்று நகல்களை வைத்து, அறிக்கைக்கு எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். உத்தரவு வந்தபின் சரிசெய்வது மிகவும் கடினம்.

கேள்வி: பங்குதாரரே ஏலம் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. வெளியாளும் நீங்களும் ஒரே தொகை கேட்டால், அது நீங்கள் கேட்ட ஏலத்தொகையாகவே கொள்ளப்படும். உங்கள் பங்குத் தொகையைக் கழித்துக்கொள்ள ஏலத்துக்கு முன்பே மனுப் போடுங்கள். 60 லட்சத்துக்கு முடிந்தால் 30 லட்சம் கட்டினால் போதும்.

கேள்வி: ஜீவனாம்ச பாக்கிக்காக என் வீடு ஜப்தியாகி ஏலமும் முடிந்துவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21 விதி 89 உங்களுக்கானது. ஏல நாளிலிருந்து 60 நாளுக்குள், நீதிமன்ற ஏல விளம்பரத்தில் கண்ட பாக்கியோடு ஏலத்தொகையில் 5 சதவீதம் சேர்த்துக் கட்டி ரத்து கோருங்கள். ஏலம் நடத்தியதில் முறைகேடு என்றால் விதி 90. அதனால் உங்களுக்குக் கணிசமான நஷ்டம் என்பதையும் நிரூபிக்க வேண்டும். விதி 90 மனு நிலுவையில் இருந்தால், அதை வாபஸ் வாங்காமல் 89-க்குப் போக முடியாது. ஜப்திக்குப் பிறகு உறவினருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் உதவாது.

கேள்வி: அப்படி ஏலத்துக்கு வரும் வீட்டை வாங்க நினைக்கிறேன். எதில் மாட்டிக்கொள்வார்கள்?

பதில்: பணத்தில்தான். ஏலம் முடிந்த கையோடு 25 சதவீதம், 15-ஆம் நாளுக்குள் மீதி முழுவதும். நீதிமன்றமே நினைத்தாலும் அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது. வங்கிக் கடன் வரும் என்று நம்பி இறங்காதீர்கள். தவறினால் முன்பணம் போகலாம், மறு ஏலத்தில் விழும் துண்டும் உங்கள் தலையில். வில்லங்கச் சான்றில் வீட்டுக்கடன் அடமானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பனை உறுதியானதும் சான்றிதழ் வாங்கி, வீட்டைக் கைவசம் ஒப்படைக்கக் கோரும் சுவாதீன மனுவை ஓராண்டுக்குள் போட வேண்டும். உள்ளே குடியிருப்பவர் தானாகக் காலி செய்வது அபூர்வம்.