எழுதிக் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள்

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நியூ ஜெர்சியில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் சமூகப் பணியாளராக இருக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. கணக்கு நன்றாகப் போடுகிறான். வாசிப்பு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. நேற்றுப் படித்த வார்த்தையை இன்று முதல்முறை பார்ப்பவன் மாதிரி பார்க்கிறான். டீச்சரிடம் போன வருடமே சொன்னேன். "சின்னக் குழுவில் வைத்துச் சொல்லித் தருகிறோம், பொறுத்துப் பார்க்கலாம்" என்கிறார்கள். ஸ்பெஷல் எஜுகேஷன் என்று கேட்டால் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும், காலேஜ் வரைக்கும் வரும் என்று கணவர் தடுக்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?
*ஒரு தாய், நியூ ஜெர்சி*

டீச்சரிடம் சொன்னதை எழுதிக் கொடுத்தீர்களா? வாசலில் பிள்ளையை விடும்போது சொன்னது, பேரண்ட்-டீச்சர் கான்ஃபரன்ஸில் பத்து நிமிடத்தில் சொன்னது எதுவும் நம் மாநிலத்தில் கோரிக்கையாகக் கணக்கில் வராது. எழுத்தில் போய்ச் சேர்ந்தால்தான் நாள் கணக்குத் தொடங்கும்.

இன்று ராத்திரியே ஒரு மெயில் போடுங்கள். பள்ளி முதல்வருக்கும், பிள்ளைகளை மதிப்பிடும் குழுவான சைல்ட் ஸ்டடி டீமுக்கும் சேர்த்து அனுப்புங்கள். மகனின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, "ஸ்பெஷல் எஜுகேஷன் தகுதிக்கான முழு மதிப்பீடு வேண்டும்" என்று ஒரு வரி, நீங்கள் வீட்டில் பார்ப்பது பற்றி நான்கு வரி. எனக்கு எழுதிய அந்த 'நேற்றுப் படித்த வார்த்தை' வரியை அப்படியே போடுங்கள், அது போதும். டாக்டர் சர்ட்டிஃபிகேட் தேவையில்லை. என்ன குறை என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதும் இல்லை, அது எங்கள் வேலை.

கோரிக்கை வந்த 20 நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். மதிப்பீடு தேவையா, என்னென்ன சோதனைகள் என்று அங்கே முடிவாகும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் எழுதி, அது நடைமுறைக்கும் வந்துவிட வேண்டும். தகுதி முடிவு செய்யும் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே அறிக்கைகள் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள். அறிக்கையைக் கூட்டத்தில் வைத்து முதல்முறை படித்தால் தலையாட்டத்தான் முடியும். முதல் ஐ.இ.பி.க்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் தொடங்காது. அதனால் அன்றே அங்கேயே போட வேண்டிய அவசரமும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். மதிப்பீட்டில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் வெளியாள் ஒருவரை வைத்து டிஸ்ட்ரிக்ட் செலவில் இன்னொரு மதிப்பீடு கேட்கலாம்.

"சின்னக் குழுவில் பார்ப்போம்" என்பது கெட்ட யோசனை அல்ல, பல பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குழுவும் நடக்கட்டும், மதிப்பீடும் நடக்கட்டும்.

மதிப்பீட்டில் என் பங்கு பெற்றோரிடம் பேசுவது. பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எப்போது பேசினான், வீட்டில் யார் யார், ஹோம்வொர்க் நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். நம்மவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "எல்லாம் நல்லா பண்றான் மேடம், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி" என்பார்கள். விருந்தாளியிடம் வீட்டுக் குறையைச் சொல்லாத பழக்கம். தயவுசெய்து அங்கே மட்டும் அதை விட்டுவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுகிறான் என்றால் அதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு கஷ்டமாக இருந்ததா? அதையும் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புச் சிக்கல் பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. அந்த வார்த்தையை ஐ.இ.பி.யில் எழுதுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை என்று 2015-இல் கல்வித் துறையே தெளிவுபடுத்தியிருக்கிறது. "நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, மாணவர் பதிவுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுப்பதை 1974-இல் வந்த ஃபெர்பா சட்டம் தடுக்கிறது. உள்ளே யார் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. காலேஜுக்கு ஐ.இ.பி. தானாகப் போவதில்லை. அங்கே உதவி வேண்டுமென்றால் உங்கள் மகனே கேட்பான், வேண்டாமென்றால் யாருக்கும் தெரியாது. நீங்களும் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இந்தப் பேருக்குப் பயந்து வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு, மற்ற பிள்ளைகளே 'மக்கு' என்று ஒரு பேர் வைத்துவிடுகிறார்கள். அதை அழிக்க என்னிடம் எந்தப் படிவமும் இல்லை.

டெக்சஸிலிருந்து இதே கேள்வியை எழுதியவர்களுக்கு: உங்கள் நாள் கணக்கு வேறு. எழுதிக் கேட்டால் 15 பள்ளி நாளில் பதில், சம்மதம் கொடுத்தபின் 45 பள்ளி நாளில் மதிப்பீடு. கூட்டத்துக்கு அங்கே 'ஆர்டு' என்று பெயர். உங்கள் மாநிலத்தில் 2004 முதல், ஸ்பெஷல் எஜுகேஷனில் இருப்பவர்கள் மொத்த மாணவர்களில் 8.5 சதவீதம் என்று ஓர் அளவுகோல் வைத்து டிஸ்ட்ரிக்ட்டுகளைக் கண்காணித்தார்கள். அதைத் தாண்டக் கூடாது என்று பல இடங்களில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2016-இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது, 2018-இல் மத்தியக் கல்வித் துறை இது சட்டமீறல் என்று சொன்னது. அந்தக் காலத்தில் "இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்கள், பிள்ளை இன்னும் பள்ளியில் இருந்தால், மறுபடி எழுதிக் கேளுங்கள்.

மகளுக்கு எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை. படிப்பில் எந்தக் குறையும் இல்லை. இதற்கும் ஐ.இ.பி. வேண்டுமா?
*ஒரு தந்தை, இல்லினாய்*

வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 504 திட்டம். 1973-ஆம் வருட மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு அது. பாடம் சொல்லித் தரும் முறையையே மாற்ற வேண்டிய பிள்ளைக்கு ஐ.இ.பி. மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து படிக்கச் சில ஏற்பாடுகள் மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கு 504. டாக்டர் கொடுக்கும் மருத்துவத் திட்டத்தை நர்ஸிடம் கொடுங்கள். அப்புறம் 504-இல் இவற்றையெல்லாம் எழுத வையுங்கள்: சர்க்கரை அளவு காட்டும் போனை வகுப்பிலேயே வைத்திருக்கலாம், தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் தடையில்லை, பரீட்சை நடுவில் சர்க்கரை இறங்கினால் நேரம் நிறுத்தப்படும், சுற்றுலா நாளில் பயிற்சி பெற்றவர் ஒருவர் கூட வருவார், சப்ஸ்டிட்யூட் டீச்சருக்கும் தகவல் இருக்கும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "அம்மாவோ அப்பாவோ வந்தால்தான் ஃபீல்டு டிரிப்" என்று சொல்ல பள்ளிக்கு உரிமை இல்லை.

நான்கு வயது மகள் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறாள், இரண்டுமே கொஞ்சம்தான். வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று டே கேரில் சொல்கிறார்கள். மூத்தவன் இங்கேயே பிறந்தவன், அவனையும் இ.எஸ்.எல். வகுப்பில் (இங்கிலீஷ் இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கான வகுப்பு) போட்டுவிட்டார்கள். அடுத்தவளுக்காவது பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் 'வீட்டில் இங்கிலீஷ்' என்று எழுதிவிடலாமா?
*ஒரு தாய், நியூ ஜெர்சி*

தமிழை நிறுத்தாதீர்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. கலந்து பேசுவதும் கோளாறு இல்லை. உண்மையிலேயே பேச்சில் சிக்கல் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். அதனால்தான் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், முடிந்த அளவு, மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கிலீஷ் படத்தை மட்டும் காட்டி "இது என்ன" என்று கேட்டு மதிப்பெண் போட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. பாட்டி மடியில் உட்கார்ந்து "காக்கா வடையைத் தூக்கிட்டுப் போச்சு" என்று சொல்கிற பிள்ளைக்கு வாக்கியம் அமைக்கத் தெரியும்.

அதே சமயம் "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். மூன்று வயது முடிந்த பிள்ளைகளை மதிப்பிடுவது உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் பொறுப்பு, கிண்டர்கார்டனில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை, காசும் இல்லை. மூன்றுக்குக் கீழே என்றால் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் என்ற சிறு குழந்தைகளுக்கான உதவித் திட்டம். போவதற்கு முன் ஒரு வாரம் அவள் சொல்லும் வார்த்தைகளை இரண்டு மொழியிலும் எழுதி வையுங்கள், 'தா', 'வேணாம்', 'மேல தூக்கு' எல்லாம் சேர்த்து. கூடவே போனில் அவள் பேசும் வீடியோ ஒன்று. பேச்சுப் பயிற்சியாளருக்கு இதைவிட உபயோகமானது வேறில்லை.

படிவத்தில் பொய் எழுதாதீர்கள். வீட்டு மொழி கேட்பது 1974-இல் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் வழியில் வந்த ஏற்பாடு. மொழி புரியாமல் வகுப்பில் உட்கார வைப்பது கல்வி ஆகாது என்பது அதன் சாரம். வீட்டில் தமிழ் என்று எழுதினாலே யாரையும் இ.எஸ்.எல்.-இல் போட மாட்டார்கள். அதன் பிறகு ஒரு சோதனை வைப்பார்கள், அதில்தான் முடிவு. மகனுக்கு வேண்டாம் என்றால் அந்த வகுப்பை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தேர்ச்சி பெறும் வரை வருடாந்திர இங்கிலீஷ் தேர்வை எழுதத்தான் வேண்டும். மறுக்குமுன் அவன் மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். பேசுவதில் முழு மதிப்பெண், எழுதுவதில் குறைவு என்றால் அந்த வகுப்பு அவனுக்கு நல்லது.

ஐ.இ.பி. கூட்டத்தில் அவர்கள் பேசும் வேகத்துக்கு எனக்குப் புரிவதில்லை. மூத்த மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகலாமா?
*ஒரு தாய், கலிஃபோர்னியா*

வேண்டாம். தம்பியைப் பற்றிய கஷ்டமான செய்தியை அக்கா வாயால் அம்மாவுக்குச் சொல்ல வைக்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள், ஏற்பாடு செய்வது டிஸ்ட்ரிக்ட்டின் கடமை. ஆள் கிடைக்கவில்லை என்றால் போன் வழியாகவாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு மகள். ராத்திரி தூங்குவதில்லை, காலையில் பள்ளிக்குப் போக வயிற்று வலி என்கிறாள். போன வாரம் "எனக்கு இருக்கவே பிடிக்கலைம்மா" என்றாள். கவுன்சிலரிடம் போனால் ரெக்கார்டில் ஏறுமா? குழந்தைப் பாதுகாப்புத் துறை, சி.பி.எஸ். வருமா?
*பெயர் வேண்டாம்*

அம்மா, இதைப் படித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மறைத்து வைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், 988-ஐக் கூப்பிடுங்கள். 2022 ஜூலை முதல் நாடு முழுக்க இருக்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் அது, குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 911 அல்லது எமர்ஜென்சி.

கேட்டதற்குப் பதில்: பிள்ளைக்கு உதவி தேடும் பெற்றோர் மேல் அதற்காக சி.பி.எஸ். வராது. காலேஜுக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், இது இருக்காது. கவுன்சிலர் தன் நினைவுக்காக எழுதி வைக்கும் குறிப்பு ஃபெர்பாவின்படி கல்விப் பதிவே ஆகாது. அவள் சொல்வதை அவர் உங்களிடமிருந்துகூட ஓரளவு காப்பாற்றுவார், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அந்த இடைவெளியை அவளுக்குக் கொடுங்கள்.

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய சங்கம் பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். அதனால் "எப்போதாவது வந்து பேசச் சொல்கிறேன்" என்று விட்டுவிடாமல், நாளைக் காலையிலேயே போன் செய்து, அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். டாக்டரையும் பாருங்கள். மனச்சோர்வு என்று தெரிந்தால் அதற்கும் 504 உண்டு: முதல் பீரியட் தள்ளி வருவது, ஹோம்வொர்க் குறைப்பது, மூச்சு முட்டும்போது எழுந்து கவுன்சிலர் அறைக்குப் போவது. காலேஜ் தரத்திலான ஏ.பி. வகுப்புகள் இருந்தால் அவற்றில் இரண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவளிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். வேலை போய்விட்டது. வாடகை கட்ட முடியாமல் பக்கத்து டவுனில் நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வந்துவிட்டோம். பள்ளியில் சொல்லவில்லை. தெரிந்தால் பிள்ளைகளை நீக்கிவிடுவார்களா?
*ஒரு தந்தை, நியூ ஜெர்சி*

மாட்டார்கள். சொல்லுங்கள். சொன்னால்தான் பாதுகாப்பு.

1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான். தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். வீட்டை இழந்து, பணக்கஷ்டத்தால் இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பமும் அதில் சேரும். பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே தொடரலாம், அங்கே போய்வர வண்டி ஏற்பாடு டிஸ்ட்ரிக்ட் பொறுப்பு. மதியச் சாப்பாடு இலவசம், அதற்குத் தனியாக வருமானக் கணக்கு காட்ட வேண்டாம். நடுவில் வீடு கிடைத்துவிட்டாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அதே பள்ளிதான். விசாவைப் பள்ளி கேட்பதில்லை. பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் இதற்கென்று ஒரு லியசான், அதாவது தொடர்பு அதிகாரி, இருக்க வேண்டும். பள்ளி ஆபீஸில் கூட்டத்தின் முன்னால் சொல்ல வேண்டியதில்லை, டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குப் போன் செய்து மெக்கின்னி-வென்டோ லியசானை நேராகக் கேளுங்கள். பேசி முடித்ததும் பேசியதை ஒரு மெயிலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். உங்களுக்குத் தகுதி இல்லை என்று ஒருவேளை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள், அது முடியும்வரை பிள்ளைகள் இப்போதிருக்கும் பள்ளியிலேயே இருக்கலாம், வண்டியும் வர வேண்டும்.