ஹாலில் பாதியில் நிற்கும் சுவரின் முனைக்கு பேனல் ஏன் போடுகிறார்கள்?

ஹாலையும் சாப்பிடும் இடத்தையும் பிரிக்கும் சுவர் பல ஃபிளாட்களில் பாதியில் நின்றுவிடும். வேறெந்தச் சுவரோடும் சேராத அதன் குறுகிய முகம்தான் சுவர் முனை. நாலரை அங்குலச் செங்கல் சுவரானால், இருபுறப் பூச்சும் சேர்த்து ஐந்தரை அங்குலம் அளவுக்கு வரும்.

பூச்சு முதலில் உதிர்வது அங்கேதான். சுவரின் நடுவில் பூச்சுக்கு எல்லாப் பக்கமும் பிடிமானம் உண்டு, மூலையில் ஒரு பக்கம் வெறும் காற்று. சோபா நகர்த்தினாலும் சிலிண்டர் உருட்டினாலும் இடிபடுவதும் அதே மூலை. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது போல, அடிபடும் ஓரத்தைக் காப்பதுதான் பேனலின் முதல் வேலை. அழகு அதற்குப் பிறகு.

ஆகவே முகத்தில் மட்டும் ஒட்டி நிறுத்தாதீர்கள், மூலை திறந்தே கிடக்கும். இருபுறமும் இரண்டு மூன்று அங்குலம் மடிந்து வரட்டும். சென்னையின் ஈரக்காற்றிலும் தினமும் மாப் போடும் தண்ணீரிலும் மரநாரை அழுத்திச் செய்யும் சாதாரண எம்டிஎஃப் பலகை ஊதிவிடும். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரக்குறியீடு கொண்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். அடியில் சிறு இடைவெளி விட்டு சிலிக்கானால் அடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்விட்ச் இருந்தால், துளையிடும் முன் வயர் போகும் வழியைப் பார்த்துவிடுங்கள்.

ஓதம் ஏறிய முனையை பேனல் போட்டு மூடினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது, ஓதம் உள்ளேயே பரவும். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பேனல் போட வேண்டும்.