ஜூன் பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் அமெரிக்காவின் பாலைவனப் பூங்காவான டெத் வேலிக்குப் போகலாமா? சிங்கப்பூர்க்காரர்களுக்கு வெயில் பழக்கம்தானே?

போகாதீர்கள். பெற்றோருடன் என்றால் கண்டிப்பாக வேண்டாம். "வெயில் நமக்குப் பழக்கம்தானே" என்று நானும் சொல்லிக்கொண்டு போனவன், அதனால்தான் எழுதுகிறேன்.

2018 ஜூனில் அம்மா, மனைவி, பிள்ளைகளுடன் லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்துப் போனோம். அம்மாவுக்கு அப்போது 67 வயது. ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தின் வெளியே இருக்கும் வெப்பமானியில் 118 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 48 டிகிரி. சிங்கப்பூரில் பதிவான உச்சமே 37தான். அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தோம்.

அங்கிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, நிழலே இல்லாத உப்புத் தரை. காலை பதினொன்றரை இருக்கும். அம்மா இறங்கி நடந்தார். "வேர்க்கவே இல்லடா தம்பி, நம்ம ஊரவிட இதமா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தையில்தான் ஏமாந்தேன். இங்கே சிங்கப்பூரில் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். அங்கே காற்றில் ஈரமே இல்லை. வேர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது, உள்ளே தண்ணீர் வற்றுவது தெரிவதில்லை. இருபது நிமிடத்தில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, பேச்சு குழறியது. தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றும்போதுதான் பார்த்தேன், ரவிக்கையின் கழுத்தோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மனைவி துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றி, "அத்தை, கண்ண மூடாதீங்க" என்று ஃபர்னஸ் கிரீக் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா பிழைத்தது தெய்வச் செயல்.

வயதானவரை ஏன் கூட்டிப் போனாய் என்று கேட்பீர்கள். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர் அவர், எங்கேயும் போனதில்லை, ஆசைப்பட்டார். "நாங்கள் ஜூலையில் போனோம், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் காரை விட்டு எத்தனை நிமிடம் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்வான இடங்களில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

மார்ச் விடுமுறையில் பகலில் சராசரி 28 டிகிரி, அருமையான பருவம். அதற்கு முன் நல்ல மழை பெய்திருந்தால், 2016ல் பூத்ததுபோல் பாலைவனமே பூக்கும். ஆனால் ஒரு வாரம்தான் லீவு, விமானத்திலேயே பாதி போய்விடும். செப்டம்பரில் இன்னமும் 41 டிகிரி. கோடை மழை சாலைகளை அரித்துவிடுவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலுக்குப் பிறகு பூங்காவையே ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். ஆக, நமக்கு டிசம்பர்தான்.

அந்த டிசம்பரைத்தான் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். ஆறு வார விடுமுறை என்று பெயர், அடுத்த ஆண்டுப் பாடத்தைத் துணைப்பாட நிலையங்கள் அப்போதே தொடங்கிவிடும். மகன் தொடக்கநிலை 4 முடித்த டிசம்பரில் போகத்தான் முதலில் திட்டம். இரண்டு வாரம் வராவிட்டால் இடம் கிடையாது என்றார்கள். பயந்துபோய்ப் பயணத்தை ஜூனுக்கு மாற்றினேன். பத்து வயதுப் பிள்ளை இரண்டு வாரம் பின்னக் கணக்குப் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

2022 டிசம்பரில் மறுபடி போனோம். பகலில் 18 டிகிரி. அதே பேட்வாட்டரில் அம்மா ஒரு மணி நேரம் நடந்தார். எதிரே டெலஸ்கோப் சிகரத்தில் பனி. காலடியில் இருந்த உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கல்லுப்பேதான்" என்றார்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள். இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். பெற்றோருக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வையுங்கள்.