பல்லை மறைக்காதீர்கள், தம்பி

துபாய்ப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் வேலைக்குப் பெங்களூரில் நேர்முகத் தேர்வு. தாடியை எடுக்க வேண்டுமா, கோட் போட வேண்டுமா, பல்லில் இருக்கும் பழுப்புக் கறையை எப்படிப் போக்குவது, சம்பளத்தில் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று காரிமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

தாடி இருக்கட்டும், சீராகக் கத்தரித்திருந்தால் போதும். வளைகுடாவில் தாடியைக் குறையாக நினைப்பவரை நான் பார்த்ததில்லை. கோட் வேண்டாம், முழுக்கைச் சட்டையும் டையும் போதும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வருவதற்குள் முதுகெல்லாம் கசங்கிவிடும். போய் மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சப் பணம் வீட்டு வாடகையைப் பொறுத்தது. பள்ளி வீடு கொடுக்கிறதா என்று கேளுங்கள், கணக்கு தானாக வந்துவிடும்.

பல்லுக்கு வருகிறேன். நான் பென்னாகரம் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் தெருப் பையன்களில் வெள்ளைப் பல் வைத்திருந்தவனைத் தேடத்தான் வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலிலேயே கறை படிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. நமக்குப் பல் முளைத்தது அதற்கு முன்பே.

ஆகவே தேய்த்தால் போகாது. செங்கல் பொடி, அடுப்புக்கரி, எலுமிச்சையும் உப்பும் என்று எங்கள் காலத்தில் எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. எனாமல்தான் தேய்ந்தது; ஐஸ் தண்ணீர் பட்டால் துள்ளினார்கள், கறை அப்படியே இருந்தது. அழகு நிலையத்தில் வெளுக்க வைக்கிறேன் என்பவர்களிடமும் வாயைக் கொடுக்காதீர்கள். பல் மருத்துவரிடம் போங்கள். மேலோட்டமான கறையை மெல்லச் சுரண்டி மங்கச் செய்கிறார்கள். ஆழமானதென்றால் பல்லின் நிறத்திலேயே பூச்சு பூசுகிறார்கள். தேர்வுக்கு முந்திய நாள் மட்டும் வேண்டாம், கூச்சத்தோடு பேச முடியாது.

எதுவும் செய்யாமல் போனாலும் பாதகமில்லை. வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பதுதான் வேலையைக் கெடுக்கும். கைக்குட்டையால் வாயை மறைத்தபடி பதில் சொன்னவர்களை நான் தேர்வு அறைகளில் பார்த்திருக்கிறேன். பின் பெஞ்சுக்குக் குரல் போகாத ஆசிரியரை யார் எடுப்பார்கள்? என்னைத் தேர்வு செய்த அம்மையார் நேரடியாகவே கேட்டார்: "பாக்கு போடுவீர்களா?" வேதியியல் ஆசிரியரான எனக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? ஃப்ளோரைடு எனாமலை என்ன செய்கிறது என்று காகிதத்தில் வரைந்தே காட்டினேன். நீங்கள் கணிதம், "எங்கள் ஊர் நிலத்தடி நீரால் வந்தது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போங்கள்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். தோற்றப் பயிற்சி என்று ஏஜென்ட் ஒருவர் அந்தக் காலத்தில் தனியாகப் பணம் கேட்டார், இன்றும் கேட்கிறார்களாம். இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், ஏஜென்ட்டின் குரல் இறங்கும்.

இங்கே வளைகுடாவுக்கு வந்ததும் பல்வரிசை முழுவதும் குளியலறை ஓடுபோல் பளிச்சென்று பதித்துக்கொண்ட நம்மவர்களும் உண்டு. ஊர் எது என்றால் "பெங்களூர் பக்கம்" என்பார்கள். தருமபுரியும் பெங்களூர் பக்கம்தான், மறுக்கவில்லை.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கும். கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியில் சேர்பவர்களும் உண்டு. நான் அப்படித்தான் வந்தேன். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு இஸ்திரிப் பெட்டி. விடியற்காலையில் அதற்கு வரிசை நிற்கும். மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலேயே கொதிக்கும், முகத்தில் பிளேடு வைக்க முடியாது. ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைப்போம். பக்கத்துக் கட்டில் அண்ணன் ஒருவர்தான் சூட்சுமம் சொல்லிக்கொடுத்தார். கோடை முழுவதும் ஹீட்டரை அணைத்தே வைத்திருங்கள். அறைக்குள் இருக்கும் அந்தக் கலனில் நீர் ஆறிக்கிடக்கும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால்தான் சவரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும்.